மஞ்சள் சீட்டு மாத்திரை பற்றி மச்சானுக்கு

சேசு மரி சூசை துணை

ஜாக்னா, போஹோல் தீவு

என் மதிப்பிற்குரிய மூத்த மச்சான் செவெரினோ அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை பெலாஹியாவின் புருஷன் தியோதுலோ வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் ஆண்டவர் கிருபையால் என்னைத் தவிர அனைவரும் சுகம். பன்றியும் சுகம். அவ்விடம் தவாவோவில் தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், தங்களுடைய புது முழங்காலும் பழைய முழங்காலும் சுகமாயிருக்க அன்றாடம் மாதாவை மன்றாடுகிறோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை இன்னும் திறக்காமல் அலமாரியில் வைத்திருப்பதாகவும், அதே இனத்து மாத்திரையை நான் தின்றுகொண்டிருப்பதால் அதன் குணநலன்களை எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் சொன்னால் தங்களுக்குக் காது கேட்காது, பக்கத்து வீட்டுத் தோமாசாவுக்கு நன்றாகக் கேட்கும். ஆகையால் எழுதுகிறேன். உட்கார்ந்து எழுத முடியவில்லை, நின்றுகொண்டும் முடியவில்லை. துணி இஸ்திரி போடும் மேஜை மேல் குப்புறச் சாய்ந்து எழுதுகிறேன். கோணல் எழுத்தை மன்னிக்கவும்.

வாழ்நாள் முழுக்கப் படகு எஞ்சினுக்குள் தலையை விட்டுப் பிழைத்த நான், ஓய்வுபெற்று, சுத்தமான சட்டை போட்டு, முதன்முதலாகப் பயணியாகப் படகு ஏறப்போய்ப் பலகையில் வழுக்கி விழுந்தது தங்களுக்குத் தெரியும். முதுகெலும்பில் ஒன்று நசுங்கிப்போனது. அறுத்துச் சரிசெய்ய என் இருதயம் தாங்காது என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் டாக்டர் வில்யமோர், நம் ஊர்ப் பெண்தான், தங்கமான பெண், ஒரு மஞ்சள் சீட்டில் இந்த மாத்திரையை எழுதினாள். மஞ்சள் சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் தரமாட்டார்கள். மருந்துக்கடைக்காரி சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "அடையாள அட்டை குடுங்க தாத்தா, இது கட்டுப்பாட்டுச் சரக்கு" என்று பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில் சொன்னாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? தோமாசா. பேரனுக்குப் பவுடர் வாங்க வந்தவள் பவுடர் வாங்காமலே கிளம்பினாள். நான் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் தியோதுலோ போதை மருந்து தின்கிறான் என்று துறைமுகம் வரைக்கும் பரவிவிட்டது. போதைக்காரன் என்று பேர் விழுந்தாலே சுட்டுப்போடுகிற இந்த நாட்டில் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலமே ஊர்த்தலைவர் நிகனோர் வந்தான். பின்னால் இரண்டு காவல்காரர்கள்.

"துலோ அண்ணே, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சும்மா வர்றவனுக்கு எதுக்குடா துணைக்கு ரெண்டு பேரு?"

"அவங்க பாட்டுக்கு வந்தாங்க. ஊருல என்னென்னமோ பேசுறாங்க அண்ணே. நீங்க ஏதோ எடுத்துக்கிறீங்களாமே."

"எடுத்துக்கறேன். முதுகு வலிக்கு."

"எல்லாரும் அப்படித்தான் அண்ணே ஆரம்பிக்கிறாங்க."

தங்கள் தங்கை சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "நிகனோரு, இந்த மனுஷன் மூஞ்சிய நல்லாப் பாரு. ஒரு பாட்டு பாடுறானா? ஒரு ஆட்டம் ஆடுறானா? போதைன்னா ஒரு சந்தோஷம் இருக்கணும்ல? அது இவன் மூஞ்சில எங்கயாவது ஒரு ஓரத்துல இருந்தா காட்டு, நானே புடிச்சுக் குடுக்கறேன்."

நிகனோர் என் முகத்தை நன்றாகப் பார்த்தான். காவல்காரர்களும் குனிந்து பார்த்தார்கள். "இல்ல அக்கா" என்றான் பரிதாபமாக. பொரித்த வாழைப்பழம் தின்றுவிட்டுப் போனார்கள். என் மானம் இப்படித்தான் காப்பாற்றப்பட்டது.

வலி குறைந்ததா என்று கேட்பீர்கள். குறைந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் மச்சான், வலி வெளியே போகும்போது வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. எந்தக் கதவு என்று தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பெரியவருக்கு எழுதுகிற கடிதத்தில் இதற்கு மேல் எழுதக்கூடாது, ஆனால் எழுதாமல் முடியாது, ஏனென்றால் இப்போது என் வாழ்க்கையில் வேறு விஷயமே இல்லை. காலையில் எழுந்தால் அதே நினைப்பு, படுத்தால் அதே நினைப்பு. நான் கொல்லைப்பக்கம் போனால் வீடே மூச்சை அடக்கிக்கொள்கிறது. வானொலியை நிறுத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து பெலாஹியா, "என்ன துலோ, ஏதாச்சும்?" என்பாள். "இல்ல" என்பேன். "முக்காத. இருதயம்!" என்பாள். முக்காமல் நடக்கிற காரியமா இது? பப்பாளி கொடுத்தாள், காலையில் பப்பாளி, மத்தியானம் பப்பாளிக்காய்க் குழம்பு, ராத்திரி பப்பாளி. கீரையைக் கொழகொழவென்று கரைத்துக் கொடுத்தாள். தோமாசா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "சூடா கடல் தண்ணி ஒரு சொம்பு குடிங்க, என் வீட்டுக்காரருக்கு உடனே கேட்டுது" என்றாள். அவள் வீட்டுக்காரர் செத்துப்போனது எதனால் என்று எனக்கு இப்போதுதான் சந்தேகம் வருகிறது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச்சாமியார், "நம் சகோதரர் தியோதுலோவின் சிறப்புக் கருத்துக்காக மன்றாடுவோம்" என்றார். என்ன கருத்து என்று கோயிலில் தெரியாத ஆளே இல்லை. பாடகர் குழுவில் இரண்டு பெண்கள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். சபை முழுதும் ஒரே குரலில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. கேட்டருளவில்லை.

அது தவிர அரிப்பு. கொசு இல்லை, சொறி இல்லை, தோலுக்கு உள்ளே யாரோ கோழி இறகால் தடவுகிற மாதிரி. மூக்கில் ஆரம்பிக்கும், மூக்கைச் சொறிந்தால் முதுகுக்குப் போகும். வாய் வேறு காய்ந்த தேங்காய் மட்டை. கனவுகளைப் பற்றிச் சொல்லவே பயமாயிருக்கிறது. ஒரு மத்தியானம் நம் சிவப்புச் சேவல் ஜன்னலில் ஏறி நின்று தங்கள் தாயாரின் குரலில், ஆண்டவர் அவர் ஆன்மாவுக்கு இளைப்பாற்றி தருவாராக, "மாப்பிள்ளே, கல்யாணத்துக்குத் தர்றேன்னு சொன்ன எருமை எங்கே?" என்று கேட்டது. நான் கைகூப்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது பெலாஹியா தட்டி எழுப்பினாள். சேவல் உண்மையாகவே ஜன்னலில்தான் நின்றது. என்னைப் பார்த்த பார்வையும் தங்கள் தாயார் பார்வைதான். அன்றிலிருந்து அதை அடித்துக் குழம்பு வைக்கலாம் என்று பெலாஹியா சொன்னால் எனக்கு மனசு வரவில்லை.

இதெல்லாம் போகட்டும், ஊர் சமாதானக் குழுவில் நடந்ததைக் கேளுங்கள். நான் அதில் ஓர் அங்கத்தினர் என்பது தாங்கள் அறிந்ததே. வேலிப் பலாமரம் யாருக்கு என்று சித்தப்பா மகனும் பெரியப்பா மகனுமான இரண்டு பங்காளிகள் ஒருவரையொருவர் அரிவாளோடு துரத்திய வழக்கு. மாத்திரை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மெத்தை நாற்காலி, மின்விசிறி, இரண்டு பேரும் மாறி மாறி ஒரே வசவைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறார்கள். கண் சொருகிவிட்டது. கனவில் பெலாஹியா ஒரு முழுப் பப்பாளியோடு நிற்கிறாள். "அய்யோ, பாதியா வெட்டு, போதும்!" என்று கத்தினேன் போலிருக்கிறது. முழித்துப் பார்த்தால் சபையே என்னைத்தான் பார்க்கிறது. பெரியவன் என் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். "வெட்டச் சொல்லாதீங்க மாமா, அது எங்க தாத்தா நட்டது!" சின்னவனும் அழுகிறான். "எனக்கு மரமே வேணாம், அவனே வெச்சுக்கட்டும், வெட்டாதீங்க!" உடனே பெரியவன், "நீயும் பறிச்சுக்கடா" என்கிறான். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நிகனோர் என் காதில், "சாலமோன் ராஜா மாதிரி அண்ணே. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டீங்களே, அப்பவே நெனச்சேன்" என்றான். நான் என்னத்தைச் சொல்ல? இப்போது எந்த வழக்கு வந்தாலும் நான் மாத்திரை போட்ட நேரம் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். இத்தனை காலம் முழித்துக்கொண்டு, யோசித்து யோசித்து நான் சொன்ன ஒரு தீர்ப்பையாவது யாராவது கேட்டிருக்கிறார்களா? இல்லை மச்சான். தூங்கினால்தான் மரியாதை. இதை நினைக்க எனக்குச் சிரிப்பு வரவில்லை, அலுப்பாயிருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன், என் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஒரு மனுஷன் எத்தனை நாள் ஓட்டுவான்?

ஆகையால் தீர்மானமாகச் சொல்லுகிறேன். வருகிற திங்கட்கிழமை முதல் இந்த மாத்திரை என் நாக்கில் படாது. வலித்தால் வலிக்கட்டும். அது என் சொந்த வலி. டாக்டருக்கும் பெலாஹியாவுக்கும் இதைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இரண்டு பெண்பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். தாங்களும் அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம். அலமாரியிலேயே கிடந்து பூசணம் பிடிக்கட்டும். பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்லுகிறேன், கேளுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு முத்தமும் சொல்லவும். தேவதாய் தங்களையும் தங்கள் முழங்காலையும் தன் முக்காட்டின் கீழ் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தங்கள் மைத்துனன்
தியோதுலோ

பின்குறிப்பு: கடல் கொந்தளிப்பினால் படகு போகவில்லை, கடிதமும் போகவில்லை. அதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.

நிறுத்தினேன் மச்சான். மறுநாளே கொட்டாவி, கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், குளிர் நடுக்கம், கூடவே வேர்வை. அதற்கு மேல் வலி, போயிருந்தவன் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி. கஞ்சி சுடுகிறது என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன், உங்கள் தங்கையை வாயில் வரக்கூடாததெல்லாம் பேசினேன். அவள் திருப்பித் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. கொட்டியதைத் துடைத்துவிட்டு, டப்பாவில் எண்ணிப் பார்த்தாள், டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் வில்யமோர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? திடீர்னு நிறுத்தவே கூடாது. வேணாம்னா எங்கிட்ட சொல்லுங்க, நான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பேன்."

"வெளிக்கே போகலையேம்மா."

"அதுக்குத்தானே பொடி எழுதிக் குடுத்தேன்? முதல் நாள்லேர்ந்தே குடிக்கணும்னு சீட்டுக்குக் கீழயே எழுதியிருக்கேனே, குடிச்சீங்களா?"

பார்த்தேன். எழுதியிருந்தாள். தோமாசாவைக் கண்டு ஓடிய ஓட்டத்தில் சீட்டின் பாதியைத்தான் வாங்கியிருக்கிறேன். இத்தனை பப்பாளியும் ஊர் மன்றாட்டும் வீண். பெலாஹியா என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறாள், பொடியும் உண்டு, அரிப்புக்கு வேறொன்று. வலி முழுசாகப் போகவில்லை, நானும் முழுசாகப் போகவில்லை, இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். கதவும் திறந்தது. மேலும் எழுதவில்லை, சாமியார் நன்றிப் பூசை வைக்கிறேன் என்றதை மட்டும் காலில் விழுந்து தடுத்துவிட்டேன்.

தங்கள் டப்பாவைத் திறங்கள் மச்சான். டாக்டர் சொன்ன மாதிரி சாப்பிடுங்கள், கூடாத ஒன்று நடந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். வீரம் வேண்டாம். ஏன் என்று சொல்லுகிறேன். இன்று மத்தியானம் அடுப்பில் சோறு தீயும் வாசனை வந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. மெல்ல எழுந்து போனேன், நானே நடந்து போனேன். உங்கள் தங்கை பெஞ்சில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறாள். எழுந்திருக்கவேயில்லை. நான் விழுந்த நாளிலிருந்து நான் முனகும்போதெல்லாம் அவளும் முழித்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள், ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அடுப்பை அணைத்தேன். எழுப்பவில்லை. தீய்ந்த சோற்றைச் சுரண்டி நானே தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.