கவனம் கிராணியார்

‘கவனம்’ சொல்லிகள் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் ஏணியில் ஏறினால் கீழே நின்று கூவும், ஏணியைப் பிடித்துக்கொள்ளாது. கொதிக்கிற பானையை இறக்கினால் அடுப்படி வாசலில் நின்று கூவும். பிடிதுணி எடுத்துத் தராது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிளை “பாத்து, பாத்து” என்று கூவும். யாழ்ப்பாணத்துக் கிளை “கவனம், கவனம்” என்று கூவும். ஓசைதான் வேறு, பொருள் ஒன்றுதான். ‘உனக்கு ஏதாவது ஆனால் அதற்கு நான் பொறுப்பில்லை’ என்பதே அந்தப் பொருள்.

இந்த இனத்தின் ஒரு முழு வளர்ச்சி பெற்ற மாதிரியைப் பார்க்க வேண்டுமானால், சிங்கப்பூருக்கு ஷோனான் என்று ஜப்பான்காரன் பெயர் வைத்திருந்த காலத்துக்கு வாருங்கள். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் பந்து விளையாடிய திடலில் மரவள்ளி நட்டுக்கொண்டிருக்கிறார்கள். அரிசி வருகிற கப்பல் வரவில்லை. ஆகவே ஊரார் எல்லோரும் விவசாயியாகிவிட வேண்டும் என்று மேலே முடிவாகியிருந்தது. திடலின் ஓரத்தில், சேறு படாமல் இருக்கப் போட்ட பலகையின்மேல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே, அவர்தான் விஸ்வலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் ஓர் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. இப்போது தோட்ட மேற்பார்வை. காலில் பழைய தோல் பூட்ஸ், பளபளப்பாக. அவர் ‘கவனம்’ சொல்லிக்கொண்டிருந்த ஆட்கள் அத்தனை பேருக்கும் வெறுங்கால்.

தோட்டத்தில் ஒரு மெஷின் இருந்தது. கிராஞ்சிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன் தன் தோட்டத்தில் விட்டுவிட்டு ஓடியது. இரண்டு சக்கரம், நடுவில் எஞ்சின், பின்னால் ஏர் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கைப்பிடி. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு கிளறியை மாட்டினால், அதில் உள்ள வளைந்த கத்திகள் சுழன்று மண்ணைப் புரட்டிப் போடும். கத்திகளுக்கு மேலேயும் பின்னாலேயும் கவிழ்த்த தொட்டி மாதிரி ஒரு தகர மூடி. பிடித்துக்கொண்டு நடக்கிறவனின் காலுக்கும் கத்திக்கும் நடுவே இருந்தது அந்தத் தகரம் ஒன்றுதான். இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கைப்பிடியின் அடியில் ஒரு நெம்புகோல். அதை அழுத்திப் பிடித்தால் மெஷின் நகரும், கத்தி சுற்றும். கையை எடுத்தால் இரண்டும் நின்றுவிடும். செய்தவன் மனிதனின் கையையும் காலையும் மனத்தில் வைத்துச் செய்திருக்கிறான். அவன் எங்கும் ‘கவனம்’ என்று எழுதி வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெஷினைப் பிடித்தவன் மருதப்பன். அவனுக்கு இடது கையில் ஒரு மஞ்சள் துணிப்பட்டை கட்டியிருந்தார்கள். மெஷின் ஆள் என்று அடையாளம். அந்தக் காலத்தில் அந்தத் துணியின் மதிப்பு தங்கத்துக்கு இல்லை. பட்டை இல்லாத ஆண்பிள்ளையைத் தெருவில் கண்டால், லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்களின் பெண்சாதிகள் எருமைச்சந்துப் பக்கம் வாசலில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடம் சேதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் சேதி இல்லை. மருதப்பனின் பெண்சாதி அந்த வாசலில் உட்காராமல் இருந்தது மெஷினாலும், மெஷின் பிடிக்க உதவிய அவன் இரண்டு கை இரண்டு காலாலும்தான்.

மெஷினைக் காப்பது விஸ்வலிங்கத்தின் பொறுப்பு. எப்படிக் காத்தார்?

முதலில் பல்சக்கரத்துக்கு எண்ணெய் தீர்ந்தது. மருதப்பன் கூடவே வேலை செய்த அப்துல் கையூம் போய்க் கேட்டான்.

“கிராணி ஐயா, உள்ள கறகறன்னு அரைக்குது. தேங்காயெண்ணெய் இருந்தாக்கூடப் போதும்.”

“தேங்காயெண்ணெய்க்கு நான் எங்கை போறது? கவனமா ஓட்டுங்கோ, அரையாது.”

ஆயுத பூசை வந்தது. எஞ்சினுக்கு மூன்று கோடு விபூதி, பெட்ரோல் தொட்டிக்குக் குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். மெஷினுக்கு முன்னால் விடிய விடிய எரியும்படி ஒரு பெரிய விளக்கு. விளக்கில் என்ன எரிந்தது என்று நினைக்கிறீர்கள்? தேங்காயெண்ணெய். பல்சக்கரத்துக்குக் கிடைக்காத எண்ணெய் பக்திக்குக் கிடைத்தது. கையூம் அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “மெஷின் வாயால குடிக்காது, கண்ணால குடிக்கும்போல” என்று மருதப்பனின் காதில் சொன்னான்.

அடுத்து நெம்புகோலின் ஸ்பிரிங் அறுந்தது. அழுத்தினால் அழுத்தினபடியே கிடந்தது. கையை எடுத்தாலும் மெஷின் நிற்கவில்லை. நிறுத்த வேண்டுமானால் முன்னால் ஓடி, எஞ்சின் தலையில் செருகியிருக்கும் வயரைப் பிடுங்க வேண்டும்.

“ஸ்பிரிங் வர நாள் செல்லும்” என்றார் விஸ்வலிங்கம். “அதுவரைக்கும் கையை எடாதை. கவனம்.”

இப்படி எண்ணெய்க்குப் பதில் கவனம், ஸ்பிரிங்குக்குப் பதில் கவனம் என்று அவர் அந்த ஒரு சொல்லைக் கொண்டே மெஷினைப் பழுது பார்த்துவந்தார். செலவில்லாத சாமான். தீர்ந்து போகாது, துருப்பிடிக்காது. அதோடு, எது கெட்டாலும் குற்றம் எங்கே போய் விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கெட்டுப்போன ஸ்பிரிங் மேற்பார்வையாளரின் குற்றம். குறைந்துபோன கவனம் கூலிக்காரனின் குற்றம். இதைவிடச் சிக்கனமான நிர்வாகம் எந்த ராஜ்யத்திலாவது உண்டா?

அப்புறம் ஒரு ஜப்பானிய அதிகாரி தோட்டத்தைப் பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. விஸ்வலிங்கம் பரபரப்பானார். தோட்டத்தைத் துப்புரவாக்கினார், வரப்புகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார். நுழைகிற இடத்தில் ‘கவனம்’ என்று ஒரு பலகை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் எதில் எழுதுவது? அவர் காலடியில் கிடந்ததைத் தவிரப் பலகையெல்லாம் விறகாகிவிட்டது, தகரமெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. சுற்றிப் பார்த்தார். திடல் முழுவதிலும் உருப்படியான தகரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கத்திகளுக்கு மேலே இருந்தது.

“உதைக் கழட்டு” என்றார், அந்த மூடியைக் காட்டி.

மருதப்பன் கழற்றவில்லை. “ஐயா, அது மூடிங்க. அது இல்லாட்டி கத்தி நேரா கால்ல வரும்.”

“கவனமா இருந்தா ஏன் கால்லை வருது?”

“தடுக்கி விழுந்தா?”

“ஏன் தடுக்கி விழுறாய்? உதுக்குத்தானே தம்பி ‘கவனம்’ எண்டு போர்டு வைக்கிறன்.”

மூடி கழன்றது. நிமிர்த்தித் தட்டி நேராக்கி, வெள்ளையடித்து, கொட்டை கொட்டையாகச் சிவப்பு எழுத்தில் ‘கவனம்’ என்று எழுதி நட்டார்கள். பலகை அழகாக இருந்தது. அதற்கு அப்பால் பத்தடி தூரத்தில் கத்திகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

விஸ்வலிங்கத்துக்கு இன்னும் ஓர் ஆசை. அதிகாரியின் காதில் விழும்படி ஜப்பானிய மொழியிலேயே ‘கவனம்’ சொல்ல வேண்டும். ஜப்பான்காரர்களின் மொழிபெயர்ப்பாளரிடம் போய்க் கேட்டார். “கியோட்சுகே என்று சொல்லுங்கள்” என்றார் அவர். தப்பில்லை, அந்தச் சொல்லுக்குக் கவனமாயிரு என்றுதான் அர்த்தம். ஆனால் தோட்டத்தில் ஒவ்வொரு கூலிக்காரனுக்கும் அந்தச் சொல்லில் இன்னோர் அர்த்தம் தெரியும். தினமும் காலையில் திடலில் டிரில் நடக்கும். ‘கியோட்சுகே’ என்றால் செய்துகொண்டிருக்கிற எதையும் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, மரம்போல் நிற்க வேண்டும். ‘யாசுமே’ என்று அடுத்த சொல் வருகிறவரை விரல் அசையக் கூடாது. அசைந்தவன் கன்னம் பழுக்கும். இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். விஸ்வலிங்கத்துக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் அவர் கிராணி, டிரில்லெல்லாம் கூலிக்காரர்களுக்கு. காலையில் அந்த நேரத்தில் அவர் வீட்டில் பூட்ஸுக்கு மினுக்கம் போட்டுக்கொண்டிருப்பார்.

அதிகாரி வந்தார். இடுப்பில் வாள், முகத்தில் சலிப்பு, பக்கத்தில் அந்த மொழிபெயர்ப்பாளர். மருதப்பன் மெஷினைப் பிடித்துக்கொண்டு திடலின் நடுவே வந்துகொண்டிருந்தான். மூடியில்லாத கத்தி மண்கட்டியை அவன் முழங்கால்வரை வாரி அடித்தது. விஸ்வலிங்கத்துக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? நெஞ்சை நிமிர்த்தி, அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

“கியோட்சுகே!”

திடல் முழுவதும் மண்வெட்டிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. எல்லோரும் மரமானார்கள். மருதப்பனும் கைப்பிடிகளை விட்டுவிட்டு, கையைத் தொடையில் ஒட்டி, நிமிர்ந்து நின்றான்.

மெஷின் நிற்கவில்லை. அதைத்தான் முன்பே சொல்லியிருக்கிறேனே. தன்பாட்டுக்கு முன்னே போயிற்று. ஒரு பழைய வேரில் ஒரு சக்கரம் மோதிற்று. அப்படியே பக்கவாட்டில் திரும்பிற்று. திரும்பிய வேகத்தில் வட்டம் போட்டது. மரவள்ளிக் கன்றுகளை மென்றுகொண்டு, வந்த திசைக்கே வர ஆரம்பித்தது.

மருதப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அசையக் கூடாது. அசைந்தால் கன்னம் மட்டும் போகாது, மஞ்சள் பட்டையும் போகும். பட்டை போனால் லாரி. அசையாவிட்டால் கால். அவன் கண் மட்டும் ஓரமாகத் திரும்பி விஸ்வலிங்கத்தைப் பார்த்தது. ‘யாசுமே’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோரும் விடுபட்டு ஓடியிருப்பார்கள். அந்த ஒரு சொல் விஸ்வலிங்கத்துக்குத் தெரியாது. மெஷின் ஆளை நோக்கிப் போகிறதே என்று அவருக்கு உண்மையிலேயே பதறிற்று. பதறியவர் தமக்குத் தெரிந்த ஒரே மருந்தை இன்னும் உரக்கக் கொடுத்தார்.

“கியோட்சுகே! கியோட்சுகே!”

மருதப்பன் இன்னும் நிமிர்ந்தான்.

வரிசையிலிருந்து ஓர் ஆள் பாய்ந்தான், கையூம். எஞ்சின்மேல் விழுந்து வயரைப் பிடுங்கினான். கத்தி நின்றது. ஆனால் நிற்பதற்குள் மருதப்பனின் வலது காலில் இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது. அவன் கத்தவில்லை. கையைத் தொடையிலிருந்து எடுக்காமலே பக்கவாட்டில் சாய்ந்தான்.

அதிகாரி முதலில் நடந்து வந்தது கையூமிடம். டிரில் கலைத்ததற்காக அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. அதிகாரத்தின் கண்ணில் முதலில் படுவது இரத்தமல்ல, கலைந்த வரிசைதான். அப்புறம்தான் கீழே பார்த்தார். பார்த்துவிட்டு, இது எப்படி நடந்தது என்று விஸ்வலிங்கத்தைக் கேட்டார்.

இங்கேதான் ஒரு மனிதனின் உயிர் இன்னொரு மனிதனின் நாக்கில் தொங்கிற்று. ‘நான் தெரியாமல் உத்தரவு கொடுத்துவிட்டேன்’ என்று சொல்லலாம். ‘மூடியைக் கழற்றியது நான்’ என்று சொல்லலாம். கையூம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தான். விஸ்வலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“கவனக்குறைவு. நான் எத்தனையோ தரம் சொன்னனான். இவன்ரை கவனக்குறைவு.”

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே, சொல்லுக்குச் சொல் போட்டார்: இவனிடம் கியோட்சுகே போதவில்லை.

அதிகாரியின் புருவம் ஏறிற்று. கீழே கிடந்தவனைப் பார்த்தார். சாய்ந்து கிடந்தபோதும் கை தொடையில் ஒட்டியபடியே இருந்தது. இவனிடமா கியோட்சுகே போதவில்லை? கத்தி காலைத் தின்கிறபோதும் அசையாமல் நின்றவனை அவர் தம் படையிலேயே பார்த்திருக்கமாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் பாக்கெட்டை எடுத்து மருதப்பனின் மார்பில் வைத்தார். “இவன் பட்டையைக் கழற்றாதே” என்றார். பிறகு விஸ்வலிங்கத்தின் பக்கம் திரும்பி, கியோட்சுகே என்றால் என்னவென்று அறியாத இந்த ஆள் நாளை முதல் தினமும் காலையில் டிரில்லுக்கு வர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

நீதி கிடைத்ததே என்று மகிழாதீர்கள். கிடைத்தது நீதியல்ல, மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு தடுமாற்றம். பட்டை மிஞ்சியது, லாரி தப்பியது, அந்த மட்டில் சரி. ஆனால் கால் காப்பாற்றப்பட வேண்டிய இடத்தில் ஒருவன் கீழ்ப்படிதலுக்குச் சிகரெட் வாங்கிக்கொண்டு படுத்திருந்தான். அவனுக்கோ புகைக்கிற பழக்கமே இல்லை.

அன்று இரவு விஸ்வலிங்கத்தின் மனைவி யோகம் சாப்பாடு வைத்தபடி கேட்டாள். “ஏனப்பா, அந்தத் தகரத்தைக் கழட்டாமல் விட்டிருக்கலாமே?”

“நான் அப்பவே சொன்னனான், கவனம் எண்டு. கேட்டால்தானே.”

“கேட்டபடியாலைதானே கால் போனது?”

அவர் மரவள்ளிக் கிழங்கை மென்றார்.

மறுநாள் கையூம் மெஷினைப் பிடிக்கச் சொல்லி அழைக்கப்பட்டான். அவன் வந்ததும் முதல் வேலையாகப் பலகையைப் பிடுங்கினான். டிரில் முடிந்து வியர்த்துப்போய் நின்ற விஸ்வலிங்கம் ஓடி வந்தார்.

“என்ன செய்யிறாய் நீ? போர்டெல்லோ அது.”

“ஆமா கிராணி ஐயா.” கையூம் தகரத்தை முழங்காலில் வைத்து வளைத்து, கத்திகளுக்கு மேல் கவிழ்த்து, ஆணியை முடுக்கினான். ‘கவனம்’ என்ற சிவப்பு எழுத்து கத்திகளின் மேல் உட்கார்ந்தது. “கவனத்தை மெஷின்லயே மாட்டிட்டேன். இனிமே நீங்க கத்த வேணாம்.”

அந்தச் சொல் வேலை செய்தது அதுவே முதல் தடவை. ஒரு மாதம் கழித்து இன்னோர் அதிகாரி வந்தபோது, விஸ்வலிங்கம் அந்த எழுத்தைச் சுட்டிக்காட்டி, ‘மெஷினிலேயே எழுதி வைத்தது என் யோசனை’ என்று சொன்னாராம். மருதப்பன் பக்கத்தில் உட்கார்ந்தபடி களை பிடுங்கிக்கொண்டிருந்தான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று உங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை கால் ஆடுகிற முக்காலியின்மேல் ஏறிப் பரணிலிருந்து எதையோ எடுத்தாளே, அப்போது நீங்கள் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்ன சொன்னீர்கள்? முக்காலியின் கால் எத்தனை மாதமாக ஆடுகிறது? அவள் விழுந்திருந்தால் அடுத்து என்ன சொல்லியிருப்பீர்கள்?

பதில் எனக்கு வேண்டாம். ஒன்று மட்டும்: நீங்கள் உட்கார்ந்து இதைப் படிக்கிற நாற்காலிக்கும் ஓர் ஆணி கழன்றிருக்கிறது. எழுந்திருக்கும்போது கவனம். நான் சொல்லிவிட்டேன், இனி என் பொறுப்பில்லை.