பாலம் சரியாகிற வரைக்கும்

கூட்டத்தில் இருந்தவர்கள்: மேசைக்கு அந்தப் பக்கம், சுழலாமல் போன சுழல் நாற்காலியில் பொறியாளர் அம்மாள். அவருக்கு இடப்பக்கம், கழன்ற கைப்பிடியை முழங்கையால் தாங்கிப் பிடித்தபடி ஓவர்சியர். ஜன்னலோரம், நாற்காலி கிடைக்காததால் பழைய கோப்புக் கட்டின் மேல் தலைமை எழுத்தர். கதவருகே, உட்காரும் உத்தேசமே இல்லாமல் அலுவலக உதவியாளர். மின்விசிறிக்கு நேர் கீழே, அந்த அலுவலகத்தில் நான்கு காலும் உருப்படியாக இருந்த ஒரே நாற்காலியில், தலைமை எழுத்தரின் மாமனார்.

மாமனாருக்கும் சாலைப் பிரிவு அலுவலகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்தார், வீட்டில் கரண்ட் இல்லை, இங்கே விசிறி ஓடியது, உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருப்பது அவருடைய குணத்தில் இல்லாத விஷயம்.

போன மழைக்காலத்தில் மகளைப் பார்க்க "ரெண்டே நாள்" என்று வந்தவர் அவர். வந்த மறுநாள் ஆற்றில் வெள்ளம் வந்து, அவர் ஊருக்குப் போகும் பாலத்தின் நடுத்தூண் அரை முழம் இறங்கியது. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். "பஸ் விடட்டும் மாப்பிள்ளை, அன்னிக்கே கிளம்பிடறேன்" என்று சொல்லி, மாப்பிள்ளையின் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். அன்றிலிருந்து சாய்வு நாற்காலி அவருடையது. காலைப் பேப்பர் அவருடையது. உள்ளறைக் கட்டிலும் அவருடையதாகி, தலைமை எழுத்தர் கூடத்துக்குப் பெயர்ந்தார்.

மனைவியிடம் முணுமுணுத்துப் பார்த்தார். அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"பாலத்தைச் சரிபண்றது யார் ஆபீஸ் வேலை? உங்க ஆபீஸ் வேலைதானே? அப்புறம் எங்கப்பாவை ஏன் முறைக்கிறீங்க?"

ஆகவே இந்தக் கூட்டம் மற்றவர்களுக்கு ஒரு கூட்டம். தலைமை எழுத்தருக்கு அது கட்டிலை மீட்கும் போர்.

"கிராமப் பாலங்கள் நிதி, இந்த வாரத்தோட கடைசி," என்றார் பொறியாளர். "எழுபது மதிப்பெண் இருந்தாத்தான் பணம். எந்தப் பாலம் ரொம்ப மோசமோ அதுக்கு அதிக மதிப்பெண். நம்மளது ஐம்பத்தெட்டுல நிக்குது."

"பாலம் இன்னும் கொஞ்சம் மோசமா இருந்திருக்கலாம் மேடம்," என்று ஓவர்சியர் வருத்தப்பட்டார். "நான்தான் வருஷா வருஷம் சிமென்ட் பூசிக் கெடுத்துட்டேன்."

"உங்களை யார் பூசச் சொன்னா?"

"நீங்கதான் மேடம்."

பொறியாளர் அவசரமாக வரைபடத்தை விரித்தார். "வேறு வழி இல்லாத ஊருன்னா அதுக்குத் தனி மதிப்பெண். நாம ஏற்கெனவே போட்டிருக்கோம். இருக்கா, வேற வழி?"

"வாய்க்கால் கரைன்னு ஒரு கோடு ஓடுதே," என்றார் ஓவர்சியர்.

"அது பாசனத் துறையோடது. நம்ம வரைபடத்துல கறுப்பா இருந்தாத்தான் சாலை. இது நீலம். நீலம்னா தண்ணி. பாசனத் துறைக்காரங்க அதுல தார் போட்டாலும் தங்கம் போட்டாலும் நமக்கு அது தண்ணிதான்."

மாமனார் சிவப்புக் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

அடுத்த கேள்வி: பாலம் பழுதானதால் வீட்டைவிட்டு வேறிடத்தில் தங்கியிருக்கும் குடும்பங்கள் எத்தனை?

அறையில் இருந்த எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே பார்த்தார்கள். மாமனார் வீட்டுக்கு வந்த நாளாக, அவர் இருப்பதால் ஒரு பயன் உண்டு என்று தலைமை எழுத்தருக்கு அன்றுதான் தோன்றியது.

"இவர் தங்கியிருக்கார் மேடம். எங்க வீட்டுலதான். நானே எழுதித் தர்றேன்."

"ஒத்தை ஆள் குடும்பம் ஆகாது. குறைஞ்சது நாலு பேராவது இருக்கணும். இருந்தா பன்னிரண்டு மதிப்பெண். சரியா எழுபது."

தலைமை எழுத்தர் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"ஊர்ல என் தம்பி இருக்கான். அவன் சம்சாரம் இருக்கா. அவளோட அக்காவும் சும்மாதான் இருக்காங்க. மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவாங்க. பாவம், அவருக்காக."

தலைமை எழுத்தர் மனக்கணக்குப் போட்டார். மூன்று பேர், சில நாள்; பாலம் வந்தால் நான்கு பேருமே கிளம்பிவிடுவார்கள். கணக்கு அவருக்குச் சரியாக வந்தது. அவர் போட்ட கணக்கெல்லாம் முதலில் சரியாகத்தான் வரும்.

"வரச்சொல்லுங்க மாமா," என்றார்.

வீட்டில் மனைவிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கல்யாணமான நாள்லேர்ந்து எங்க மனுஷங்களை நீங்களா கூப்பிட்டது இதான் முதல் தடவை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆபீஸ் விஷயம் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மதியமே மூவரும் வந்து இறங்கினார்கள். சின்ன மாமனாரின் சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. சின்ன மாமியார் கையில் பெரிய பூசணிக்காய். அவருடைய அக்காள் கையில் ஒரு கூடை. கூடைக்குள் ஒரு கோழி.

"கோழி எதுக்கு?" என்றார் தலைமை எழுத்தர்.

"அடை காக்குது தம்பி. விட்டுட்டு வர மனசு வரலை."

"இவ்வளவு தூரம் எப்படி வந்தீங்க? கஷ்டமா இருந்திருக்குமே."

"என்ன கஷ்டம்? காத்து ஜிலுஜிலுன்னு வந்துச்சு. நான் தூங்கிட்டேன்," என்றார் சின்ன மாமனார். அதற்குமேல் கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் கோழி, தலைமை எழுத்தர் கடிதம் எழுதும் மேசையின் கீழ் இழுப்பறையைத் தேர்ந்தெடுத்து உள்ளே உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்பப் போனவரின் விரலைக் கொத்தியது.

"அது எங்க சித்தப்பா மாதிரிங்க," என்றாள் மனைவி, சின்ன மாமனாரைக் காட்டி. "உட்கார்ந்துட்டா தொந்தரவு பண்ணக்கூடாது."

கூடம் பெண்களுக்கு என்றானது. உள்ளறை அண்ணன் தம்பிக்கு. தலைமை எழுத்தர் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அடுப்பு மேடைக்குக் கீழே, வெங்காயக் கூடைக்கும் சிலிண்டருக்கும் நடுவே, காலை மடக்கினால் ஒரு ஆள் படுக்கலாம். காலை நீட்டினால் சிலிண்டர் 'டங்' என்று கேட்கும். உடனே உள்ளறையிலிருந்து, "என்ன மாப்பிள்ளை, தூக்கம் வரலையா?" என்று அக்கறையாக ஒரு குரலும் வரும்.

இதற்கிடையிலும் மாமனார் தன் வழக்கத்தை விடவில்லை. புதன்கிழமைதோறும் காலையில், "காலாற நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார், மடி நிறைய எலுமிச்சம்பழத்தோடு. "தெரிஞ்சவங்க கொடுத்தாங்க" என்பார். "அப்பாவுக்கு எங்கே போனாலும் மரியாதைதான்," என்று மகள் பூரிப்பாள்.

வெள்ளிக்கிழமை, நிதி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் நேராக வீட்டுக்கே வந்தார். காப்பி வேண்டாம் என்றார், தண்ணீர் வேண்டாம் என்றார், உட்காரவும் வேண்டாம் என்றார்.

நான்கு பேரிடமும் தலைமை எழுத்தர் முதல்நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், பெருமூச்சு விடுங்கள். ஆனால் ஆய்வாளர் நுழைந்தபோது மாமனார் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு சாய்ந்திருந்தார். சின்ன மாமனார் குறட்டையில் இருந்தார். பெண்கள் இருவரும் டிவியில் எவளோ ஒரு மருமகள் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வீடு வாசலை விட்டுட்டு வந்தவங்க இவங்கதானா?" என்றார் ஆய்வாளர்.

"ஆமா சார். ரொம்ப நொந்து போயிருக்காங்க."

ஆய்வாளர் சின்ன மாமியாரைப் பார்த்தார். "அம்மா, இங்கே சாப்பாடெல்லாம் எப்படி?"

"ஒரு குறையும் இல்லைங்க. எங்க வீட்டுல கூட இப்படிச் சாப்பிட்டதில்லை," என்று சொன்ன பிறகுதான் பாடம் ஞாபகம் வந்து, அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அது ஏப்பமாக முடிந்தது.

"துன்பம் தென்படவில்லை," என்று ஆய்வாளர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "ஆறு மதிப்பெண் குறையுது."

தலைமை எழுத்தர் கோழியைக் காட்டலாமா என்று யோசித்து, ஆய்வாளரைச் சமையலறை வரை பின்தொடர்ந்தார். அங்கே ஆய்வாளர் குனிந்து அடுப்பு மேடைக்குக் கீழே பார்த்தார்.

"இது யார் படுக்கை?"

"என்னோடது சார்."

"வீட்டு வேலைக்கு இருக்கீங்களா?"

"வீடே என்னோடது சார்."

ஆய்வாளர் வெங்காயக் கூடையைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். தலைமை எழுத்தரின் கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் முறையாக அவர் முகத்தில் மனிதக்களை வந்தது.

"பாதிக்கப்பட்டவர் நீங்கதான்," என்றார் மெதுவாக. "உங்களை ஐந்தாவது ஆளாச் சேர்த்துக்கறேன். ஆறு மதிப்பெண்ணையும் திருப்பித் தந்துடறேன். எழுபது."

தலைமை எழுத்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் ஆய்வாளர், கையை விடுவித்துக்கொண்டு. "பாலம் திறக்கிற வரைக்கும் நீங்க அஞ்சு பேரும் இதே விலாசத்துல, இதே நிலைமையில இருக்கணும். எப்ப வேணும்னாலும் வந்து பார்ப்போம். ஒருத்தர் குறைஞ்சாலும் நிதி ரத்து."

"இதே நிலைமைன்னா... சிலிண்டர் பக்கத்துலயா?"

"முக்கியமா அதுதான்."

"பாலம் திறக்க எத்தனை நாள் சார் ஆகும்?"

"நாளா? நிதி வரணும், டெண்டர் விடணும், விட்ட டெண்டரை ரத்து பண்ணணும், திரும்ப விடணும். எல்லாம் நல்லபடியா நடந்தா மூணு வருஷம்."

தலைமை எழுத்தர் அலுவலகத்துக்கு ஓடி, பொறியாளர் முன் நின்றார். "மேடம், விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடலாம்."

"தாராளமா வாங்கலாம். ஆனா பாலமே வராது. உங்க மாமனார் எப்ப ஊருக்குப் போவார்?"

மூன்று வருஷம் ஒரு பக்கம், ஆயுள் ஒரு பக்கம். கொஞ்ச நேரம் கோப்புக் கட்டின் மேல் உட்கார்ந்து இரண்டையும் எடை போட்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி: 'மேற்படி ஊருக்குப் பாலம் தவிர வேறு வழி இல்லை. இது தவறெனில் இதனால் வரும் அனைத்துக்கும் நானே பொறுப்பு.' அதைப் போடவேண்டிய ஓவர்சியர், அன்று பார்த்துக் கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"நீங்களே போடுங்க," என்றார் பொறியாளர். "அந்த ஊர்க்காரரையே வீட்டுல வச்சிருக்கீங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

தலைமை எழுத்தர் எதையும் முறையாகச் செய்பவர். மாமனார் அன்றும் விசிறிக்குக் கீழேதான் இருந்தார். அவரையே கேட்டுவிட்டார்.

"மாமா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. உங்க ஊருக்கு வேற சாலை இருக்கா?"

மாமனார் எழுந்திருக்காமலே எட்டி, சுவரில் தொங்கிய வரைபடத்தைச் சிவப்புக் கயிறு ஆட உற்றுப் பார்த்தார்.

"இதுல இல்லையே மாப்பிள்ளை," என்றார்.

தலைமை எழுத்தர் கையெழுத்துப் போட்டார். உறையில் வைத்தார். விலாசத்தைக் கோணல் இல்லாமல் எழுதினார். மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி, சொட்ட வைத்து, அலுவலக முத்திரையை அழுத்தினார். அரக்கு ஆறும்வரை கையை எடுக்கவில்லை.

ஜீப்பில் அனுப்பலாம் என்றால், சாலைப் பிரிவின் ஜீப் சாலையில் இருந்த பள்ளத்தில் அச்சு முறிந்து கிடந்தது.

"புதுசா ஒரு மினிபஸ் ஓடுது சார்," என்றார் அலுவலக உதவியாளர். "நிதி ஆபீஸ் வாசல்லயே நிக்கும். கண்டக்டர்கிட்ட கொடுத்தா சேர்த்துடுவார். இப்ப வர்ற நேரம்தான்."

தலைமை எழுத்தர் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு ஓடினார். மினிபஸ் கிளம்பும் உறுமலில் நின்றது. கண்டக்டர் உறையை வாங்கி, அரக்கைத் தடவிப் பார்த்து, தோல்பைக்குள் போட்டு, பையின் வாரை இறுக்கினார்.

"பலமா இருக்கே சார். என்ன விஷயம்?"

"இடிஞ்ச பாலத்துக்கு நிதி கேட்டு. அக்கரை ஊருக்கு வேற வழியே கிடையாதுன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்ப்பா. பத்திரம். எங்க மாமனாரே ஊருக்குப் போக முடியாம இத்தனை மாசமா எங்க வீட்டுலதான் மாட்டிக்கிட்டுக் கிடக்கார். கண்ணாடிக்குச் சிவப்புக் கயிறு கட்டியிருப்பார், நீ கூடப் பார்த்திருப்பே."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கியபடி அவர் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"அவரா சார்? புதன்கிழமைக்குப் புதன்கிழமை வாய்க்கால் கரைத் தார் ரோட்டுல நம்ம வண்டியிலதானே ஊருக்குப் போய், எலுமிச்சைக்குத் தண்ணி ஊத்திட்டு வர்றார். 'மாப்பிள்ளை காதுல மட்டும் போட்டுடாதே, பாலத்துக்காக உசிரை விட்டுக்கிட்டிருக்கார், மனசு உடைஞ்சுடும்'னு வேற சொல்லிவச்சிருக்கார்."