அறுபத்திரண்டில் நின்ற திரை

ஃபராஸ் குளித்துவிட்டு வந்தபோது, திரை அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றிருந்தது.

என்டர் தட்டினான். எல்லா விசைகளையும் தட்டினான். கட்டளைகளை அடிக்கும் டெர்மினலின் கறுப்பு ஜன்னலில் ஓர் எழுத்துகூட அசையவில்லை.

அவனே கைதவறிக் கீழே போட்ட ஹார்ட் டிஸ்க். அத்தா ஷரஃபுதீன் பேசும் ஒரே வீடியோ அதற்குள்தான் இருந்தது. அப்பா இறந்து ஏழு மாதம். “இன்னும் ஒரு ஓட்டம்தான் தாங்கும். நடுவுல புரோகிராம் செத்துச்சுன்னா அவ்ளோதான்” என்று ரிப்பேர் கடைக்காரர் சொல்லியிருந்தார். நேற்று ராத்திரியிலிருந்து, அவன் எழுந்திருக்காமல் காவலிருக்க, அந்த மீட்புப் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னப்பா, வருதா?” அம்மா வஜீஹா டீயோடு வந்து நின்றாள்.

“வருதும்மா” என்று பொய் சொல்லிவிட்டு, வடபழனியில் இருக்கும் நண்பன் வெங்கடேஷுக்குப் போன் போட்டான்.

“ஜன்னலை மட்டும் மூடிராத மச்சி. மூடினா உள்ள ஓடிக்கினு இருக்கறதும் போயிடும். வேற ஜன்னல் தொற. புரோகிராம் உசுரோட கீதா பாரு.”

“இருக்குடா!”

“அப்போ அதை அலுங்காம புது ஜன்னலுக்கு இழுத்துக்கோ. நான் அனுப்பற வரிய அப்படியே அடி.”

அடித்தான். எண் நகர்ந்தது. அறுபத்துமூன்று. நிம்மதியாக, வியர்த்த முகத்தைக் கழுவப் போனான். திரும்பி வந்தால், அறுபத்தைந்தில் புது ஜன்னலும் உறைந்திருந்தது.

“இன்னாத்தடா தொட்ட?” என்றான் வெங்கடேஷ் போனில்.

“மூஞ்சியத்தான்டா தொட்டேன்!”

“மெஷின் சூடாகியிருக்கும். ஃபேன் வை. மறுபடி இன்னொரு ஜன்னலுக்கு இழு. நான் கிளம்பிட்டேன்.”

மூன்றாவது ஜன்னலில் எண் ஓடத் தொடங்கியது. பழைய டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து செருகினான். படீர்! வீடே இருண்டது. யூ.பி.எஸ். அலற ஆரம்பித்தது. பேட்டரி பத்து நிமிடம் தாங்கும்.

நான்கு மாடி இறங்கினான். மீட்டர் பெட்டிச் சாவி வாட்ச்மேன் இசக்கிமுத்துவிடம். இசக்கிமுத்து தெருமுனையில் பஜ்ஜிக்கடையில்.

“சட்னி ஊத்திக்கிட்டு வந்துடறேன் தம்பி.”

“அண்ணே, எங்கத்தா உள்ள இருக்காருண்ணே!”

அவர் பயந்துபோய்ப் பொட்டலத்தோடு ஓடிவந்தார். ஃபியூஸ் போட்டு, ஃபராஸ் மேலே ஏறியபோது வெளிச்சம் வந்திருந்தது. யூ.பி.எஸ். அடங்கியிருந்தது. மூன்றாவது ஜன்னலும் எழுபதில் செத்துக் கிடந்தது. இப்போது டிஸ்க்கிலிருந்து சத்தம்கூட இல்லை.

“கொன்னுட்டேம்மா” என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அதெல்லாம் ஒண்ணும் போயிருக்காது. பேசாம இரு” என்றாள் வஜீஹா.

வெங்கடேஷ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்தான். இரண்டு விசைகளை அமுக்கினான். எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. டிஸ்க் மறுபடி முனகியது.

“எதுவும் சாவல நைனா. யாரோ கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அமுக்கிக்கீறாங்க. மத்த எடத்துலதான் அது சேவ். இந்த ஜன்னல்ல அமுக்குனா அப்படியே நின்னுடும். கண்ட்ரோலோட கியூ அமுக்குனா திரும்ப ஓடும்.”

“சத்தியமா நான் அமுக்கலடா!”

“மூணு வாட்டி தானா அமுங்குமா? உங்கூட்ல பேய் கீதுன்னு நெனைக்கிறேன்.”

சாயங்காலம் எண் நூறைத் தொட்டது. ஃபராஸ் வீடியோவைத் திறந்தான்.

மயிலாப்பூரில் அவர்களுடைய கல்யாணப் பத்திரிகைக் கடை. அச்சு மெஷின் இரைச்சலுக்கு மேல், திரும்பிக்கூடப் பார்க்காமல் அத்தா கத்தினார்.

“வஜீஹா! கரண்ட் போச்சுன்னா கம்ப்யூட்டர்ல அடிச்சதெல்லாம் போச்சு. கண்ட்ரோல் எஸ் போட்டியா?”

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். ஃபராஸ் திரையோடு ஒட்டிக் குனிந்தான்.

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, திரையைப் பார்த்து, வஜீஹா பதில் சொன்னாள்.

“போடாம இருப்பேனாங்க? இவன் எழுந்து போனப்பல்லாம் போட்டேன்.”