பதிவு எண் 8417: ஒரு மஞ்சள் கேசட்

திருக்கோகர்ணம்,
ஞாயிறு மதியம்.

அன்புத் தம்பி செம்மலுக்கு,

அக்கா அன்புமொழி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு எண்பத்திரண்டு முடிந்தும் பல் இரண்டுதான் போயிருக்கிறது. பிடிவாதம் ஒன்றுகூட விழவில்லை. டப்ளினில் நீயும் வீட்டில் எல்லோரும் குளிருக்கு அடக்கமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது ஏன் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் 'ஒரு விஷயம்டா' என்று ஆரம்பித்ததுமே நீ 'மீட்டிங் அக்கா' என்கிறாய். கடுதாசிக்கு மீட்டிங் கிடையாது. அதோடு, இதில் வரும் ஒரு சங்கதியை உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்குத் தைரியமில்லை. அது கடைசியில் வரும். தாவிப் படிக்காதே.

பஸ் ஸ்டாப் பக்கம் வீடியோ கேம் கடை வைத்திருந்த நாகராசுவை நீ மறந்திருக்க மாட்டாய். எட்டாம் வகுப்பில் நீ வகுப்பறையில் உட்கார்ந்ததைவிட அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்ததுதான் அதிகம். அந்தக் கடை பிறகு பிரவுசிங் சென்டர் ஆகி, அப்புறம் ஜெராக்ஸ் கடை ஆகி, போன மாதம் ஒரேயடியாக மூடப்பட்டது. அவர் திருப்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். போவதற்கு முதல் நாள் ஒரு ஆட்டோவில் மூன்று அட்டைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நம் படிப்பக வாசலில் வந்து இறங்கினார். பத்தொன்பது வருடமாக நான் அங்கே நூலகர். தமிழ் வாத்தியார் மகள் என்பதால் அவருக்கு மட்டும் நான் இன்னும் டீச்சர்தான். "டீச்சர், பழைய இரும்புக்குப் போட மனசு வரலங்க. புத்தகம்னா வாங்கி வச்சுக்கிருவீங்கல்ல? இதுவும் ஒரு தலைமுறை படிச்சதுதானே?" என்றார். உள்ளே பார்த்தால் கேம் கேசட், பிளாப்பி, சிடி எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பதின்மூன்று உருப்படி, ஒரு டிவி கேம் பெட்டி, மாவரைக்கிற சத்தம் போடும் ஒரு பழைய கம்ப்யூட்டர். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் எங்கள் படிப்பகத் தலைவர் பெரியகருப்பன் கைதட்டிவிட்டார். "ஆண்டு விழாவுல மின்னியல் பிரிவு தொறந்துருவோம்மா. பத்து நாள்ல பதிஞ்சிருங்க. புத்தகம் பதியிற மாதிரிதானே?"

புத்தகம் பதிகிற மாதிரி இல்லை, தம்பி. புத்தகத்துக்கு முதல் பக்கம் உண்டு. தலைப்பு, ஆசிரியர், வெளியீடு, ஆண்டு என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும். இதற்கு என்ன செய்வதென்று நான் படித்த காலத்துப் பட்டியல் விதிப் புத்தகத்தைத் தூசி தட்டிப் பார்த்தால், ஆட்டத்தை ஓடவிட்டுத் திரையில் முதலில் தெரியும் பெயரைத்தான் தலைப்பாக எடுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதாவது, இருநூற்றுப் பதின்மூன்றையும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். மறுநாள் காலையிலிருந்து நான் மேசையில் டிவி கேம் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேப்பர் படிக்க வரும் ரிட்டயர்டு பெரியவர்கள் ஆறு பேரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். முதலில் கையில் வந்த கேசட்டின் மேலே '9999 இன் 1' என்று அச்சடித்திருந்தது. உள்ளடக்கத்தை எழுத வேண்டும் என்பது விதி. எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு வரை போன பிறகுதான் தெரிந்தது, இருப்பது ஆறே ஆட்டம். நிறத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றி அதையே ஒன்பதாயிரம் தடவை அடுக்கியிருக்கிறான். 'உறையில் கண்டபடி 9999, எண்ணிப் பார்த்தபடி 6' என்று எழுதினேன். தினமும் பத்து மணிக்குப் படிப்பகத்துக்கு வந்துவிடும் நம் அப்பா அதைப் படித்துவிட்டு, "இதையே ஒரு புலவன் செஞ்சா தொகை நூல்னு பரிசு குடுக்குறானுங்க" என்றார்.

அப்பா அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பட்டியல் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். கார் ரேஸ் 'சீருந்துப் பந்தயம்' ஆனது. டாங்கியை வைத்துச் சுடுகிற ஆட்டத்துக்கு 'தகரிப் போர்' என்று எழுதச் சொன்னார். பெரியகருப்பன் பார்த்துவிட்டு, "என்னங்கய்யா, தகரக் கொட்டகைக்கு என்னய்யா போரு?" என்று கேட்க, இரண்டு பேருக்கும் நடந்த சண்டையில் மத்தியானம் வரை வேலை ஓடவில்லை. இதற்கிடையில் ஒரு சிடியில் ஜாதகம் கணிக்கும் சாப்ட்வேர் இருப்பதை நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற ஆறு பேரும் பிறந்த நேரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டாயிரத்துக்கு மேலே வருடமே தெரியாது போலிருக்கிறது. யாருக்குப் போட்டாலும் தொண்ணூற்றொன்பது டிசம்பரோடு பலன் நின்றுவிட்டது. ஒருவர் முகம் வெளுத்துப்போய், "அப்ப இத்தனை வருசமா நான் சும்மாவா இருக்கேன்?" என்றார். ஜாதகத்தை ஒருநாளும் நம்பாத அப்பா, அன்றைக்குப் பூராவும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை ஆசிரியர் பெயர். இந்த ஆட்டங்களை உருவாக்கியவர்களின் பெயர் ஆட்டம் முடிந்த பிறகுதான் திரையில் ஓடுமாம். முடிக்க வேண்டுமென்றால் ஜெயிக்க வேண்டும். ஐம்பது வயதில் உன் அக்கா ஒரு குட்டி விமானத்தை ஓட்டி, ஒன்பது மலைகளைத் தாண்டி, நெருப்புத் துப்பும் ஒரு மீனை அடித்துக் கொன்றாள் என்றால் நம்புவாயா? நாலு நாள் ஆனது. கட்டைவிரல் வீங்கிவிட்டது. அரசுத் தேர்வுக்குப் படிக்க வரும் ஏஞ்சல் என்ற பெண், "மேடம், சத்தம் தாங்கல" என்று புகார் எழுதிக் கொடுக்க வந்தவள், "எடதுபக்கம் போங்க மேடம், எடதுபக்கம்!" என்று கத்திவிட்டுப் புகாரை எடுத்துக்கொண்டு போனாள். கடைசியில் மீன் செத்தது, பாட்டு வந்தது, பெயர்கள் ஓடின. எல்லாம் ஜப்பானோ சீனமோ, எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அப்பா என் தோளைத் தட்டி, "பெயர் தெரியாப் புலவர்னு போட்டுரும்மா. நம்மகிட்டயே நெறைய பேரு அப்படித்தான் இருக்காக" என்றார்.

இப்போது அந்தச் சங்கதிக்கு வருகிறேன். மூன்றாவது பெட்டியின் அடியில் ஒரு மஞ்சள் கேசட் இருந்தது. மூலையில் நீல பால்பாயிண்டில் 'செ' என்று எழுதியிருந்தது. அது உன் கையெழுத்து. சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த டிவி கேமோடு வந்த அதே கார் ரேஸ் கேசட். தொண்ணூற்றேழில் உனக்குப் பதினாலு வயது, எனக்கு இருபத்துமூன்று. அம்மா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் நூலகப் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். நீ அதைத் தலையணை உறைக்குள் ஒளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாய். சோறு வடித்து முடித்ததும் நான் அதை எடுத்துவிடுவேன். ஆமாம் தம்பி. தினமும் பத்தரை முதல் ஒரு மணி வரை. வேலை இல்லாத பெண்ணுக்கு அந்தச் சிவப்புக் கார்தான் ஊர் ஊராகப் போய்வந்தது. ஒருநாள் படம் விட்டு விட்டு வந்தது. நீ செய்வது மாதிரி ஊதி ஊதிப் போட்டேன், வரவில்லை. உள்ளே பார்த்தால் பித்தளை நிறத்தில் வரிசையாகப் பற்கள், கறுத்துப்போயிருந்தன. பித்தளைக்குப் புளிதானே? குத்துவிளக்குத் தேய்ப்பது மாதிரி தேய்த்து, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்தேன். பளபளவென்று ஆனது. அதற்குப் பிறகு அது வேலையே செய்யவில்லை.

அன்று சாயங்காலம் உனக்கு முன்னால் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டார். நான் அழுதுகொண்டே நீட்டினேன். அவர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ வாயத் தெறக்காத. ஆத்தா இல்லாத பய. ஒன்னையும் விட்டா அவனுக்கு யாரு இருக்கா? எம்மேல கோவப்படட்டும். ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்." நீ வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டியபோது அவர் சொன்னதுதான் உனக்குத் தெரியுமே. "நான்தான்டா பல்லவன் கொளத்துல எறிஞ்சேன். பரீச்சைக்குப் படி." நீ அழவில்லை. அதுவரை அப்பாவை 'வா, போ' என்றவன் மறுநாள் காலையில் 'வாங்க, போங்க' என்றாய். கோபம் வந்து மரியாதை கொடுத்த பிள்ளையை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. இருபத்தேழு வருடம் ஆகிறது.

திருப்பூருக்குப் போன் போட்டு நாகராசுவிடம் கேட்டேன். "ஆமா டீச்சர், ஐயா ரிப்பேருக்குக் குடுத்ததுதான். ரெண்டு மாசம் தெனமும் சாயங்காலம் வந்து கேட்டுட்டுப் போவாரு. பார்ட்ஸ் கெடைக்கல. மூணு வருசம் கழிச்சுக் கெடைச்சு நான் சரி பண்றதுக்குள்ள தம்பி மெட்ராசுக்குப் படிக்கப் போயிருச்சு. 'இருக்கட்டும்ப்பா, ஒங் கடைக்கு வர்ற பயலுக ஆடட்டும்'னாரு" என்றார். போனை வைத்துவிட்டுக் கேசட்டைப் போட்டேன். அந்தப் பாட்டு வந்ததும் சிவப்புக் கார் கோட்டில் வந்து நின்றது. எனக்குத் திரை தெரியவில்லை. எதிரே அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "பதிஞ்சாச்சா?" என்றார். "பதிஞ்சிட்டேன்ப்பா" என்றேன். பதிவு எண் 8417.

நீ இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அறந்தாங்கியில் மாமனார் வீட்டில் வந்து இறங்குகிறாய். இங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வருகிறாய். போன தடவையும் நீயும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தீர்கள். நான் அடுக்களையில் ரசச் சட்டியை வைத்துக்கொண்டு அழுதது உனக்குத் தெரியாது. கோபப்பட வேண்டுமென்றால் என்மேல் படு. என்னோடு பேசாமல் இரு, தாங்கிக்கொள்கிறேன். இந்தத் தடவை வந்து அப்பாவை ஒரே ஒருமுறை பழையபடி 'வா' என்று கூப்பிடு. அவருக்கு வயதாகிறது. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

உனக்கும், உன் வீட்டுக்காரிக்கும், பிள்ளைக்கும் நோயில்லாத உடம்பும் நிறைந்த வீடும் வாய்க்கட்டும். காதில் மப்ளர் கட்டாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன்னை ஏமாற்றிய அக்கா,
அன்புமொழி.

பின்குறிப்பு: கவரில் போடுவதற்கு முன் இதை அப்பாவிடம் காட்டாமல் இருக்க மனசு கேட்கவில்லை. அவர் முழுவதையும் படித்து, மூன்று இடத்தில் ஒற்று விட்டிருப்பதைச் சிவப்பு மையில் திருத்திவிட்டு, "இது அவனுக்கு எப்பவோ தெரியும்மா" என்றார். "யாரு சொன்னது?" என்றேன். "நான்தான். நாலு வருசமாச்சு. அக்காவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படும், சொல்லாதன்னு அவன்தான் சொன்னான்." பிறகு தன் போனைத் திறந்து காட்டினார். நீ அவருக்கென்றே செய்து கொடுத்த சொல் விளையாட்டாம். நாலு வருடமாக ஒருநாள் விடாமல் அப்பனும் மகனும் ஆடுகிறீர்களாம். 'அப்பா, நீ ஏமாத்துற', 'நீ போடா, அகராதியைப் பாரு' என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. போன தடவை சாப்பிடும்போது ஏன் பேசவில்லை என்று கேட்டால், "ஆட்டம் பாதியில நின்னுச்சு. அவன் ழகரத்துல முடியிற சொல்லு யோசிச்சுக்கிட்டு இருந்தான், நான் கலைக்கல" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் இந்தக் கடுதாசியைக் கிழித்திருப்பேன். அப்பா திருத்தியது வீணாகிவிடுமே என்றுதான் அனுப்புகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நேற்று நீ அவரை மூன்று தடவை தோற்கடித்திருக்கிறாய். இன்று காலையில் மனிதர் இட்லியைத் தொடவில்லை. நான் காரணம் தெரியாமல் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டேன். இது உன் கைக்கு வந்த அன்றைக்கு ஒரு ஆட்டமாவது விட்டுக்கொடு. அவருக்குத் தெரியும்படி விட்டுக்கொடுக்காதே.