திண்டிவனத்து மிஷினும் விழுப்புரத்து வாரண்டியும்

விழுப்புரம் ஜில்லாவில் அவருடைய "எங்க வாங்குன?" என்ற கேள்விக்குத் தப்பிய ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. விவசாய மிஷின் விற்கும் டீலர் கடையில் அவர் ஹெட் மெக்கானிக். நான் பில் கவுண்டர். நிஜப் பெயர் முதலாளிக்கே சட்டென்று நினைவுக்கு வராது. ஊருக்கு அவர் எங்கவாங்குன அண்ணன், அவருக்கு நான் பில்லும்மா.

டீக்கடையில் பக்கத்து ஆள் கையில் புதுக் குடை இருந்தால் கேட்பார். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கேட்பார். ஒருமுறை விக்கிரவாண்டியில் துக்க வீட்டுக்கு மாலையோடு போனவர், ஐஸ் பெட்டிமேல் காதை வைத்துக் கண்ணை மூடி நின்றார். துக்கம் தாளவில்லை போலிருக்கிறது என்று பெண்கள் புதிதாக ஒரு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். மனிதர் நிமிர்ந்து மூத்த மகனிடம், "பொட்டி எங்க எடுத்தீங்க? கம்ப்ரசர் சவுண்டு சரியில்ல" என்றார். அதைச் சரிபண்ணிவிட்டுத்தான் மாலையைப் போட்டார்.

கடையில் அந்தக் கேள்விக்குக் காரியம் இருந்தது. எந்த டீலரிடம் வாங்கினாலும் எந்த டீலரும் வாரண்டியில் பார்த்துத் தரவேண்டும் என்பது கம்பெனியின் பேச்சு. அதை ஒரு டீலரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது ஊர் நடப்பு. எங்களவர் பாண்டியில் வாங்கியவரைப் பாண்டிக்கும், கள்ளக்குறிச்சியில் வாங்கியவரைக் கள்ளக்குறிச்சிக்கும் விரட்டிவிடுவார்.

திண்டிவனத்து மிஷினுக்கு மட்டும் தனி நடைமுறை. முதலில் வயிறு நிறையத் திட்டு. பிறகு குரலை இறக்கி விசாரணை. "பில்லு போட்டது யாரு? கண்ணாடி மாத்திட்டாங்களா? இருமிக்கினு இருந்தாங்களா?" பதில் திருப்தியாக இருந்தால் மிஷின் உள்ளே போகும்.

அங்கே பில் போடுவது மங்கை அக்கா, அவருடைய மனைவி. இவரும் முன்பு அதே கடையில்தான் மெக்கானிக். யாரோ செஞ்சியில் வாங்கிய மிஷினை இவர் இரக்கப்பட்டு வாரண்டியில் சேர்க்கப் பார்க்க, "நம்ம கடைல வாங்காததுக்கு நான் பில்லு போட மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் அக்கா சொல்லிவிட்டாள். ரோஷக்கார மனுஷன். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் வந்துவிட்டார்.

"அவ ரூல்ஸ் பேசுனா பில்லும்மா. அதான் ரூல்சோடயே குடும்பம் நடத்திக்கினு இருக்கேன்" என்பார்.

திண்டிவனத்துக் கடையில் புது மிஷின் வெளியே போகும்போது அக்கா தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்து அனுப்புவாள். அது இங்கே ரிப்பேருக்கு வந்தால் இவர் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு இடம் விடாமல் துடைப்பார். அந்தப் பொட்டு வந்ததும் துணி அதைச் சுற்றிக்கொண்டு போகும். கேட்டால் "சாமி விஷயம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம்தான். யார் முதலில் பஸ் ஏறுவது என்பதில்தான் வம்பு.

ஒருநாள் திருவாமாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆரோக்கியமேரி என்ற பெண் களையெடுக்கும் மிஷினை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள்.

"எங்க வாங்குன?"

"திண்டிவனம்."

"அப்ப அங்கயே போ. இங்க இன்னாத்துக்கு எறக்குற?"

"அங்கதாங்க மொதல்ல போனேன். லேசா திக்குதுன்னு எடுத்துக்கினு போனா, மெக்கானிக் இல்லன்னாங்க. பில்லு போடுற அக்காவே எழுந்து வந்து எதையோ திருகுனாங்க. அப்புறம் சுத்தமா ஸ்டார்ட்டே ஆவல. 'விழுப்புரம் எடுத்துக்கினு போம்மா, அங்க ஒருத்தர் இருக்காரு, கண்டபடி திட்டுவாரு, ஆனா செஞ்சு குடுத்துடுவாரு'ன்னு அனுப்பிட்டாங்க. மல்லாட்டைக் கொல்லைல களை முட்டிக்கினு நிக்குதுங்க."

திட்ட வாயெடுத்தவர் குனிந்து பார்த்தார். பெட்ரோல் டேப்பு மூடிக் கிடந்தது. திறந்துவிட்டு, திக்கலுக்குக் காரணமான அழுக்கைத் துடைத்து, கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"இன்னாங்க கோளாறு?" என்றாள் ஆரோக்கியமேரி.

"உன் மிஷின்ல ஒண்ணுமில்லம்மா. போய் களையப் பாரு" என்றவர், நேராக என் கவுண்டருக்கு வந்தார். "டேப்பு எங்க இருக்குதுன்னு அவளுக்குக் காட்டிக் குடுத்தவனே நான்தான் பில்லும்மா. தெரியாமயா மூடுவா?"

கண் கலங்கியிருந்தது. "அப்ப பஸ் ஏறுங்கண்ணே" என்றேன்.

"ஸ்பேர் வாங்கிக்கினு வர்றேன்னு மொதலாளிகிட்ட சொல்லிடு" என்று கைகூடக் கழுவாமல் கிளம்பினார்.

ஸ்பேரும் வரவில்லை, அவரும் வரவில்லை. போன் போட்டால், "இங்க வேலை ஜாஸ்தி பில்லும்மா" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், கிரீஸ் கையோடு சோற்றில் உட்காராதே என்று அதட்டியது. "வச்சிடறேன், பேஜாரு பண்றா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தர் அலுத்துக்கொண்டு நான் கேட்டதே இல்லை. எனக்கும் சந்தோஷம்தான். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

புது மெக்கானிக் தங்கமானவர். யாரையும் ஒன்றும் கேட்பதில்லை, டோக்கன் கொடுக்கிறார். கடை அமைதியாக இருக்கிறது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் மயிலத்துக்காரர் ஒருவர், எங்களிடம் வாங்கிய மிஷின் புகைகிறது என்று வந்தார். புது மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார்.

"உங்களுக்குத் திண்டிவனம்தாங்க கிட்ட. அங்க எடுத்துக்கினு போங்க" என்றேன்.

"விழுப்புரத்துல வாங்குனத அவங்க தொடுவாங்களாம்மா?"

"திட்டுவாரு, ஆனா பார்ப்பாரு. இன்னான்னு திட்டுனாருன்னு மட்டும் மறக்காம எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க."