ஆறு புள்ளி போன வீடு

“இனிமே அந்த மைதானத்துல கால் வெச்சேன்னா நான் மனுஷனே இல்ல!”

டெரிக் ஹாப்வுட் இப்படி முழங்கியபோது அவன் மனைவி க்ளெனிஸ் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

“எந்த மைதானம்?”

“எந்த மைதானமா? நம்ம ஸ்டான்வொர்த் டவுன் மைதானம்! ஆறு புள்ளி, க்ளெனிஸ்! ஆறு புள்ளியைப் பிடுங்கிட்டானுங்க!”

விஷயம் இதுதான். ஸ்டான்வொர்த் டவுன் கால்பந்துக் கிளப்பின் முதலாளி, லீக் விதித்த செலவு வரம்பை மீறி ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்துவிட்டார். வந்தவர்களில் ஒருவனுக்கு முழங்கால் சரியில்லை. இன்னொருவனுக்கு இடது கால் எது என்பதிலேயே சந்தேகம். கணக்கைப் பார்த்த லீக், தண்டனையாக ஆறு புள்ளிகளைக் கழித்துவிட்டது. பட்டியலின் நடுவில் நிம்மதியாகப் படுத்துக் கிடந்த டவுன், ஒரே மத்தியானத்தில் அடிமட்டத்துக்கு உருண்டது. சீசன் முடியும்போதும் அங்கேயே கிடந்தால் கீழ்ப் பிரிவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“தப்பு பண்ணது ஒரு பெரும்புள்ளி. போனது நம்ம ஆறு புள்ளி. இது அடுக்குமா?”

“அடுக்காதுதான் கண்ணு. அந்தக் கேரட்டை இப்படி எடு.”

அன்று சாயங்காலம் ரசிகர் சங்கம் டெரிக்கின் முன்னறையில் கூடியது. சங்கத் தலைவன் டெரிக்தானே! சோபாவில் ஐந்து பேர், சோபாவின் கைப்பிடிகளில் இரண்டு பேர், தரையில் மிச்சம். பஸ் டிரைவர் டெஸ்மண்ட் லீக்கைத் திட்டினான். கணக்கு வாத்தியார் லயனல் முதலாளியைத் திட்டினார். டெரிக் எழுந்து இருவரையும் சேர்த்துத் திட்டினான்.

“சனிக்கிழமை மார்ல்ஸ்பி அணியோட ஆட்டம். ஒரு ஈ காக்கா உள்ளே போகக் கூடாது! காலி கேலரியைப் பாத்து லீக்கும் நடுங்கணும், முதலாளியும் நடுங்கணும்! உள்ளே போறவன் துரோகி! எல்லாரும் சத்தியம் பண்ணுங்க!”

எல்லோரும் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். டெஸ்மண்டுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. டீ கொண்டுவந்த க்ளெனிஸிடம் டெரிக் தன் சீசன் டிக்கெட்டை நீட்டினான்.

“இதை அடுப்புல போடு!”

“அது பிளாஸ்டிக், டெரிக். வீடே நாறும்” என்று அவள் அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு பிஸ்கட் எடுக்கப் போனாள்.

புதன் வரை டெரிக் வீரனாக இருந்தான். வியாழன் அன்று கொஞ்சம் அரித்தது. வெள்ளியன்று தூக்கத்தில் “கார்னர்! கார்னர்!” என்று கத்தி, போர்வையை உதைத்துத் தள்ளினான். சனிக்கிழமை காலை ஒரு யோசனை பிறந்தது. துரோகம் என்றால் நம் கேலரியில் உட்காருவதுதானே? எதிரணி ரசிகர்களோடு உட்கார்ந்தால் அதற்குப் பெயர் என்ன? வேவு!

மார்ல்ஸ்பிக்காரர்களின் நிறம் மஞ்சள். பீரோவிலிருந்த க்ளெனிஸின் மஞ்சள் சால்வையைச் சுருட்டிக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டான்.

“தம்பி வீட்டுக் குழாய் ஒழுகுதாம். போய்ப் பாத்துட்டு வரேன்.”

“பாவம். எத்தனை மணிக்கு ஒழுக ஆரம்பிக்கும்?”

“என்ன?”

“இல்ல, எப்ப வருவேன்னு கேட்டேன். தொண்ணூறு நிமிஷம் ஆகுமா? நடுவுல கால் மணி இடைவேளை உண்டா?”

“குழாய் வேலைல அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா.”

“சரி கண்ணு. தொண்டையை மூடிக்கோ. குளிரும்.”

இவ்வளவு வெள்ளந்தியான மனைவியை ஏமாற்றுகிறோமே என்று டெரிக்குக்குத் தெருமுனை வரை வருத்தமாக இருந்தது.

மார்ல்ஸ்பிக்காரர்களுக்கு நடுவே, சால்வையை மூக்கு வரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். டவுனை அவர்கள் கேலி செய்து பாடிய பாட்டுக்கெல்லாம் வாயசைத்தான். நெஞ்சில் ரத்தம் வடிந்தது. முதல் பாதி எப்படியோ கழிந்தது. இரண்டாம் பாதி தொடங்கியதும், முழங்கால் சரியில்லாத அந்த ஆட்டக்காரன் எங்கிருந்தோ நொண்டி வந்து பந்தை வலைக்குள் தள்ளிவிட்டான்.

“கோல்ல்ல்ல்!”

சுற்றியிருந்த மஞ்சள் கூட்டம் கப்சிப். நடுவில் டெரிக் மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தான். மட்டும் என்று சொல்ல முடியாது. நாலு வரிசை தள்ளி இன்னும் இரண்டு பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மஞ்சள் தொப்பி போட்ட டெஸ்மண்ட். இன்னொருவர் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட லயனல்.

“நீயா?”

“நீங்களுமா?”

“வேவு பாக்க வந்தேன்!”

“நானும்தான்!”

அதற்குள் செக்யூரிட்டிக்காரர் வந்துவிட்டார். மூவரையும் வரிசையாக நிறுத்தி, மைதானக் கோட்டோரமாக, ஊரே பார்க்க, டவுன் கேலரிப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். காலியாகக் கிடக்க வேண்டிய கேலரியில் பாதிக்கு மேல் ஆட்கள்! சோபா கைப்பிடியில் உட்கார்ந்து சத்தியம் செய்த இரண்டு பேரும் டெரிக்கைப் பார்த்ததும் தலையைக் குனிந்து ஷூ கயிறு கட்டினார்கள். டெரிக்கின் சொந்த நாற்காலியில், முழங்காலில் கம்பளி போர்த்தி, பிளாஸ்கிலிருந்து சூப் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள் க்ளெனிஸ்.

“ஐயா, அது என் மனைவி! அவளைக் கேளுங்க, நான் டவுன் ரசிகன்தான்னு சொல்லுவா!”

செக்யூரிட்டிக்காரர் கேட்டார். “அம்மா, இவர் உங்க வீட்டுக்காரரா?”

க்ளெனிஸ் மேலும் கீழும் பார்த்தாள். “சால்வை என்னுதுதான். ஆளைத் தெரியல. என் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் பண்ணப் போயிருக்காரே.”

வெளியே தள்ளப்பட்ட மூன்று வேவுகாரர்களும் கார் நிறுத்துமிடத்தில் நின்று, இரண்டாவது கோலைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் டெரிக் வெடித்தான். “சத்தியம் என்னாச்சு?”

“நான் எங்க சத்தியம் பண்ணேன்? பிஸ்கட் எடுத்துட்டு இருந்தேன்.”

“கால்பந்துன்னாலே உனக்குப் பிடிக்காதே!”

“பிடிக்காதுன்னு நான் எப்ப சொன்னேன்? முப்பது வருஷமா நீ கூப்பிடவே இல்ல.”

டெரிக் அவசரமாகப் போய் ரேடியோவைத் திருப்பினான். அதிலும் க்ளெனிஸ்தான் பேசினாள். எல்லோரும் புறக்கணிக்கச் சொன்னார்களே, நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று உள்ளூர் வானொலி நிலையத்துப் பெண் கேலரியில் கேட்டிருந்தாள்.

“போனது ஆறு புள்ளிதானேம்மா? பதினோரு பிள்ளைங்க இருக்காங்களே. குளிர்ல ஓடுறாங்க. கைதட்ட ஆள் வேண்டாமா?”

அவ்வளவுதான். ஊர் முழுக்க அதே பேச்சு. அடுத்த ஆட்டத்துக்கு ரசிகர் சங்கமே அந்த வாசகத்தை இருபது அடித் துணியில் எழுதிக் கேலரியில் பிடித்தது. நாற்காலியில் க்ளெனிஸ் உட்கார்ந்தாள். டெரிக் துணியின் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறாமையோடு, குளிர்காற்றில் நின்றான். ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டம் கூடியது. இடது கால் தெரியாதவன்கூட அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கோல் அடித்தான். சீசனின் கடைசி ஆட்டத்தில் டவுன் சமன் செய்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தப்பித்தது. பெரியவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். முன்பின் தெரியாத ஒருவர் டெரிக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துணியைக் காட்டினார்.

“இந்த வார்த்தைதாங்க நம்மளைக் காப்பாத்துச்சு! சொன்னது யாரோ ஒரு அம்மாவாமே?”

டெரிக்குக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொறாமையெல்லாம் எங்கோ போய்விட்டது. “என் மனைவி” என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அதற்குள் அவர் காதருகே குனிந்தார். “தங்கமான அம்மா. ஆனா, வாய்ச்ச புருஷன் மார்ல்ஸ்பிக்காரனாம், பாவம்.”