நான் திருத்திய தேதி

புது வாட்ச் கட்டியவனிடம் மணி கேட்கலாம். தேதி மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு தெருவே என்னிடம் கேட்டுக் கெட்டது. இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

எழுபதுகளின் தொடக்கம். கோட்டையில் நம் ஆட்சி என்று மேடைபோட்டுப் பேசினார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர் வயலில் மட்டும் மிராசுதார் ஆட்சிதான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, எங்கள் தெருவே நடவுக்கு இறங்காமல் இருந்தது. தாசில்தார் இரு தரப்பையும் பதினைந்தாம் தேதி பேச அழைத்திருந்தார். எங்கள் தரப்பில் கல்லூரிக்குப் போன ஒரே ஆள் நான். அதைவிட முக்கியம், மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வாட்ச் என் கையில் இருந்தது. தேதியும் காட்டும். (சட்டைக் கையை மடித்துவிட்டது வெயிலுக்காக அல்ல.)

முந்தின மாதத்துக்கு முப்பது நாள்தான் என்பது வாட்சுக்குத் தெரியாது. ஒன்றாம் தேதி காலையில் முப்பத்தொன்று என்று நின்றது. வாட்சின் பக்கத்துத் திருகை இழுத்து முள்ளைச் சுற்றினேன்; இரண்டாம் தடவை பன்னிரண்டைத் தாண்டியதும் தேதி மாறியது. அடுத்து வந்த எட்டரையிலேயே விட்டிருக்கலாம். ஆசைக்கு இன்னொரு சுற்றும் சுற்றி எட்டரையில் நிறுத்தினேன். எனக்குக் காலை எட்டரை. அதற்கு ராத்திரி எட்டரை. அன்றிலிருந்து உச்சி வெயிலில் அதற்குத் தேதி மாறியது. நான் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தேன், பதினான்கு. "நாளைக்குப் புறப்படணும்!" என்று தெருவில் அறிவித்தேன்.

பெரியப்பா மகள் அஞ்சலை அக்கா கேட்டது: "நாளைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே தம்பி, ஆபீசு இருக்குமா?"

"போராட்டத்துக்கு ஞாயிறு, திங்கள்னு கிடையாதுக்கா." (இதைச் சொன்ன வாயை என்ன செய்வது?)

விடியுமுன் இருட்டில் நடந்தோம். அக்கா இடுப்பில் காய்ச்சல்காரக் குழந்தை. போய்ச் சேர்ந்தால் தாலுகா ஆபீஸ் பூட்டியிருக்கிறது.

"நாளைக்குத்தாங்க பதினஞ்சு" என்றார் காவலாளி.

"இன்னைக்குத்தான்" என்று மணிக்கட்டை நீட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "பதினாலுன்னு போட்டிருக்குங்களே!"

நேற்றும் பதினான்கு, இன்றும் பதினான்கு. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஊருக்குப் போய்த் திரும்பி வர யாருக்கும் காலில் தெம்பில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். உச்சிவேளையில் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தது. கண்ணெதிரே பதினான்கு நகர்ந்து பதினைந்து வந்தது.

"இந்தா, பதினஞ்சு ஆயிடுச்சு. தாசில்தாரை வரச் சொல்லு தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தது. அதன் தோளில் குழந்தை அனலாய்க் கிடந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைத்தெருவுக்கு ஓடி மாத்திரை வாங்கி வந்தேன்; பொழுது சாயும்போதுதான் காய்ச்சல் விட்டது. அதுவரை நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஜீப்பில் வந்த தாசில்தாருக்கு முகம் வெளுத்தது. "நேத்துலேருந்தா உக்காந்திருக்கீங்க?" முற்றுகை என்று நினைத்துவிட்டார். உள்ளே மிராசுதார்களிடம் என்ன சொன்னாரோ, கேட்டதில் முக்கால் பங்குக்கு ஒப்புக்கொண்டு வந்தார்கள்.

அன்று காலைதான் வந்து சேர்ந்த விவசாயச் சங்கத் தலைவர் என் முதுகில் தட்டினார். "மொத நாளே கொண்டாந்து உக்கார வெச்ச பாரு, அதுதாண்டா மூளை!"

நான் இல்லை என்று சொல்லவில்லை. அடக்கமாகச் சிரித்தேன். குழந்தையோடு நின்ற அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தது. சுற்றுவட்டாரத்தில் என்னைப் பெரிய தந்திரக்காரன் என்றார்கள்; அந்தப் பேரோடு இரண்டு வருஷம் கூசிக்கூசி நடந்தேன்.

அக்கா வாயைத் திறந்தது என் கல்யாணப் பந்தலில். தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில், பெண் வீட்டார் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது:

"மொதல்ல மாப்பிள்ளை கையிலேருந்து வாட்சைக் கழட்டுங்க. இல்லேன்னா, நேத்தே கட்டிட்டேன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாரு!"

பந்தலே அதிர்ந்தது. என் மனைவி முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். இன்றுவரை நிறுத்தவில்லை.